கிராம வாலிபர்க்குப் பண்ணைப் பயிற்சியோடு எச்.ஐ.வி. தற்காப்புக் கல்வி

தை மாதத்தில் சம்பா அறுவடை தீர்ந்து களம் ஒழிந்தவுடன், திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் கிராமங்களிலிருந்து வாலிபர் பலர் வேலை தேடி வெளியூர் செல்லுகின்றனர். சிலர் திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலைகளுக்கும், சிலர் திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்குழாய்க் கிணறு வண்டிகளுக்கும், சிலர் வாழைத்தார் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்குக் கிளீனர்களாகவும் போகின்றனர். விமானமேறி வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரும் உண்டு. பெண்பிள்ளைகளில் சிலர் பஞ்சாலைக்குப் போகின்றனர். ஊரிலேயே தங்கி, இவ்வாறு சென்று மீண்டவர்களுக்கு மனைவியராகிறவர்கள் பலர். இவ்விரு பாலாருக்கும் நெல்லுக்கு மேலுரம் எப்பொழுது இடுவதென்பது ஒருவாறு தெரிந்திருக்கும். எச்.ஐ.வி. என்னும் கிருமியினின்று தன் சரீரத்தைக் காத்துக்கொள்வது எங்ஙனமென்பது பெரும்பாலும் தெரிந்திராது.

இவ்விஷயம் சுகாதார இலாகாவைச் சேர்ந்ததன்றோ, வேளாண்மைப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று மிராசுதார்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நோயறிவை மட்டும் தனியே போதிக்கும் கூட்டங்கள் நம் கிராமங்களில் குறைவாக நடைபெறவில்லை. வருஷந்தோறும் டிசம்பர் முதல் தேதி ஊர்வலமும் பிரசங்கமும் நடக்கின்றன. ஒரு மணி நேரம் பிரசங்கம் கேட்டவன் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறான். மறுநாள் அவனை அலைக்கழிப்பது பிழைப்புக் கவலையே. பிழைப்பைக் கற்கும் இடத்திலேயே, அதே ஆசிரியரிடம், அதே தோழர்களோடு இதையும் கற்பானாகில் அது அவனிடம் தங்கும். கற்ற தொழிலைச் செய்ய அவனுக்கு நிலமும் இருக்குமாகில் இன்னும் உறுதியாகத் தங்கும். நிலம் மிராசுதார்களிடமும், நிலத்தின் கணக்கு கிராம அதிகாரிகளிடமும் இருக்கின்றது. ஆகையால்தான் இது இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு உரிய விஷயமாகின்றது.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் மாகாணத்திலேதான். 1986ஆம் வருஷத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் இரத்த மாதிரிகளைத் திரட்டிச் சோதித்து அதை வெளிப்படுத்தினர். 1994ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஏற்பட்டது. 2004 ஏப்ரல் முதல் சர்க்கார் செலவில் மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி அம்முதல் நிலையங்களில் ஒன்றாயிருந்தது. 2023ஆம் வருஷத்து மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறக்குறைய 25 லட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்கின்றனர். வயது வந்தோரில் சுமார் 500 பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். முன்னிருந்த பீதி குறைந்துவிட்டது. பீதியோடு ஜாக்கிரதையும் குறைந்ததுதான் இப்பொழுதுள்ள தொல்லை.

மொசாம்பிக் தேசத்துப் பிள்ளைகளின் பள்ளி

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இந்நோய் ஊரூராகப் பரவி, தாய் தந்தையர் இளமையிலேயே மாண்டனர். அவ்வீடுகளில் பிள்ளைகள் உயிரோடிருந்தும், விதை எப்படித் தெரிவது, களை எப்பொழுது எடுப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் நின்றனர். நம்மிடத்தும் உழவு ஏட்டிலிருந்து வருவதன்று. தகப்பன் பின்னால் வரப்பில் நடந்து பிள்ளை கற்பது. அந்த நடை ஒரு தலைமுறை அறுந்தால் நிலம் இருந்தும் பட்டினிதான். இதைக் கண்டு, ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனமும் உலக உணவுத் திட்டமும் சேர்ந்து 2003ஆம் வருஷத்தில் மொசாம்பிக்கில் இளம் விவசாயிகளின் வயல்வெளி வாழ்க்கைப் பள்ளிகளைத் தொடங்கின. பின்னர் கென்யா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே முதலான தேசங்களுக்கும் அவை பரவின.

12 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக ஏறக்குறைய 30 பேர் ஒரு வகுப்பு. ஒரு பயிர்ப்பருவம் முழுவதும் வாரத்தில் இரண்டு மூன்று முறை வயலில் கூடுவர். உழவு, விதை, பூச்சி, அறுவடை என்று பயிர் செல்லும் வழியிலேயே சரீர சுகம், தற்காப்பு, நியாயம், சொத்துரிமை ஆகியவற்றின் பாடமும் செல்லும். இதற்கு மூலம், 1989ல் இந்தோனேசியாவில் நெல்லின் புகையான் பூச்சியை முன்னிட்டு விவசாயிகளுக்கு ஏற்பட்ட வயல்வெளிப் பள்ளி. அதில் ஆசிரியர் பேசுவது குறைவு. மாணாக்கர் வாரந்தோறும் வயலில் இறங்கிப் பயிரையும் பூச்சியையும் எண்ணி, படமெழுதி, மருந்து அடிக்கலாமா வேண்டாமா என்று தாங்களே தீர்மானிப்பர். பார்த்து, யோசித்து, தீர்மானிக்கும் அந்தப் பழக்கம் பயிருக்கு மாத்திரம் பயன்படுவதன்று என்று கண்டவர்கள்தாம் பிள்ளைகளின் பள்ளியை அமைத்தனர். நம் மாகாணத்தில் வேளாண்மை இலாகா நடத்தும் பண்ணைப் பள்ளிகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

வாழைத் தோட்டத்தில் பாடம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத் தீவிலும், அதற்கு மேற்கே ஜீயபுரம் சிறுகமணி வரையிலும் வாழையை அறியாத பிள்ளை கிடையாது. ஆகையால் நம் ஜில்லாவில் பாடத்தை வாழையிலிருந்தே தொடங்குதல் உத்தமம்.

முடிக்கொத்து நோயை எடுத்துக்கொள்வோம். நோய் கண்ட வாழையில் இலைகள் குறுகி, நிமிர்ந்து, நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும், தார் வாராது. பழனி மலைச்சரிவிலும் சிறுமலையிலும் பேர்பெற்றிருந்த மலைவாழைத் தோட்டங்களில் பெரும்பகுதி 1970களுக்குப் பின் இந்நோயால் அழிந்தது. அது ஊருக்கு ஊர் சென்றதோ மனிதன் கையால். நோயுள்ள கட்டையிலிருந்து எடுத்த பக்கக்கன்று, பார்வைக்குக் கொழுகொழுவென்றிருந்தது; அதை வாங்கி நட்டவன் நோயையும் வாங்கி நட்டான். மாணாக்கர் முன்னே நாலைந்து கன்றுகளை வைத்து, எதில் கிருமியுண்டு என்று கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள் எனக் கேட்க வேண்டும். ஒருவராலும் இயலாது. தாயனூருக்கருகில் 1993ல் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி நிலையத்தில் திசு வளர்ப்புக் கன்றுகளைக் கிருமிச் சோதனை செய்வது இதன் பொருட்டே என்றால் அவர்கள் உடனே ஒப்புவர். பிறகு மனிதனைச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. கிருமி உட்புகுந்தவர், மருந்து உண்ணாவிடினும், பெரும்பாலும் எட்டுப் பத்து வருஷங்கள் வெளிக்குறியின்றி நடமாடுவர். முகத்தைப் பார்த்து, குலத்தைப் பார்த்து, உடையைப் பார்த்து அறிய வழியில்லை. இரத்தச் சோதனை ஒன்றே வழி.

இவ்வுவமையை இங்கே நிறுத்தாவிடில் கெடுதல் விளையும். முடிக்கொத்து நோயைச் செடிப்பேன் பரப்புகின்றது. அப்படியாயின் கொசு இதைப் பரப்பாதோ என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். பரப்பாது. கொசுவோ, மூட்டைப்பூச்சியோ, வேறெந்தப் பூச்சியோ இக்கிருமியை மனிதருக்கு மனிதர் கொண்டு செல்லமாட்டா. இதைவிட முக்கியமானது இன்னொன்று. முடிக்கொத்து கண்ட வாழையை நாம் வேரோடு பெயர்த்து அழிக்கின்றோம். அதுதான் சரியான விவசாயம். மனிதரிடத்தில் அந்த எண்ணத்தின் நிழலும் வரலாகாது. வியாதியஸ்தரை வீட்டைவிட்டு ஓட்டுவதும், தனிப்பாத்திரம் வைப்பதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கச் சொல்வதும் தோட்டத்து நியாயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததன் விளைவேயாம்.

ஆதலால் அதே நாளில் மற்றொரு வாழையையும் காட்டுக. நம் பூவன் வாழையில் கீற்றுத் தேமல் என்றொரு கிருமி நோய் உண்டு. மரம் வாடும்பொழுதும், ஊட்டம் குறையும்பொழுதும் இலையில் மஞ்சட் கீற்றுகள் தோன்றும். எருவும் நீரும் ஒழுங்காகப் பெற்ற மரத்தில் அதன் வேகம் தணியும். திருச்சிப் பூவனை அதற்காக ஒருவரும் கைவிடவில்லை. நல்ல எருவிட்டுத் தார் வெட்டுகின்றனர். எச்.ஐ.வி. உள்ளவருக்கு எருவின் ஸ்தானத்தில் இருப்பது மருந்து. மூன்று மருந்துகள் அடங்கிய ஒரே மாத்திரையை நாள்தோறும் தவறாமல் உண்பவர் மற்றவரைப்போல் உழுது உண்டு நெடுநாள் வாழலாம். கிருமி இரத்தத்தில் சோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருக்குமாயின், சேர்க்கையின் வழியாக அது துணைவருக்குத் தொற்றாது. 2017 முதல், நோயின் நிலை எதுவாயினும், சோதனையில் கண்ட யாவருக்கும் மருந்து உடனே தொடங்கப்படுகின்றது. பெரியவர்களிலும் பலர் இவ்விரண்டையும் அறியார். பழைய பீதிக்கதைகளே அவர்கள் நினைவிலிருக்கின்றன.

உவமைகள் கதவைத் திறக்கும். உள்ளே போனபின் ஒளிவின்றிப் பேச வேண்டும். கிருமி பரவும் வழிகள் சிலவே. ஆணுறையில்லாச் சேர்க்கை, கிருமியுள்ள இரத்தம், ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் பயன்படுத்துதல், தாயிடமிருந்து கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பாலூட்டுதலிலும் பிள்ளைக்கு. மருந்தில்லாவிடில் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 வரை தொற்றக்கூடிய இக்கிருமி, தாய் உரிய காலத்தில் மருந்து உண்டால் ஐந்துக்கும் குறைவாகிறது. கதிரரிவாளைக் கைமாற்றுவதாலும், ஒரே வரப்பில் கஞ்சி குடிப்பதாலும், ஒரே குளத்தில் குளிப்பதாலும் பரவுவதில்லை. ஆண்பிள்ளைகளுக்குச் சுகாதார ஆய்வாளரும், பெண்பிள்ளைகளுக்குக் கிராம சுகாதார செவிலியரும் இப்பகுதியைத் தனித்தனியே சொல்லுதல் நலம். வேளாண்மை உத்தியோகஸ்தர் கூச்சத்தோடு சொல்வதைக் காட்டிலும் அவர்கள் கூச்சமின்றிச் சொல்வது பன்மடங்கு பயனுள்ளது. சேர்ந்த வகுப்பில் சிறு நாடகமொன்று நடிக்கச் செய்யலாம். லாரி நிற்குமிடத்தில் மூத்தவன் சாராயம் நீட்டுகிறான். இளையவன் என்ன சொல்லி விலகுவான்? ஆலையில் மேஸ்திரி தனியே அழைக்கிறான். பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? மறுமொழியை ஆசிரியர் எழுதிக் கொடுக்கலாகாது. பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

எது பலித்தது, எது பலிக்கவில்லை

இம்முறையால் நோய் அடியோடு நீங்கிவிடும் என்று வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம். இந்தியாவிலேயே 2000த்தின் முதல் வருஷங்களில் அலகாபாத் நகரச் சேரிகளில் கேர் என்னும் ஸ்தாபனமும் பாபுலேஷன் கவுன்சிலும் சேர்ந்து வயதுவந்த பெண்பிள்ளைகளுக்குச் சரீர சுகப் பாடத்தோடு கைத்தொழிற் பயிற்சியும் சேமிப்புக் கணக்கும் ஏற்படுத்தின. பிள்ளைகளுக்கு நோயறிவு வளர்ந்தது. நாலுபேரோடு கூடிப் பேசும் தைரியமும் வந்தது. ஆனால் வேலை செய்யும் எதிர்பார்ப்பிலும், வெளியே போய்வரும் சுதந்திரத்திலும் மாறுதலொன்றும் காணப்படவில்லை. காரணம் நமக்குப் புதிதன்று. தையல் கற்றவளுக்குத் தைக்கத் துணி வரவில்லை. சந்தைக்குப் போக வீட்டார் விடவில்லை. பயிற்சி வந்தது, வாய்ப்பு வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் 2001 முதல் 2005 வரை நடந்த ஏற்பாடு வேறு வகை. ஏழைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் பெற்றுச் சிறு வியாபாரம் செய்தனர். கூட்டத்துக்கு வரும்பொழுதெல்லாம் நோயறிவும் ஆண்பெண் நியாயமும் பற்றிய பாடம் நடந்தது. கையில் காசும் பாடமும் சேர்ந்து வந்த அவ்வூர்களில் கணவரால் அடிபடுதல் பாதிக்குமேல் குறைந்தது. ஊரில் கிருமி பரவும் வேகம் அந்தக் காலத்துக்குள் குறைந்ததென்று மட்டும் நிரூபணமாகவில்லை. அடிக்கு அஞ்சாத பெண்ணே ஆணுறை கேட்கக் கூடியவள் என்பதை நினைத்தால், இது சிறு பலனென்று சொல்வதற்கில்லை.

இவ்விரண்டையும் ஒத்துப் பார்த்தால் நம் கடமை தெளிவாகும். பயிற்சிக்குப்பின் உழ நிலமும், விற்க வழியும் இல்லையென்றால் பிள்ளை பழையபடி லாரி ஏறும். வெளியூர் போவது குற்றமன்று. வேறு கதியின்றிப் போகிறவனுக்கும், தன் கணக்குப் பார்த்துத் தானே தீர்மானித்துப் போகிறவனுக்கும் தற்காத்துக்கொள்ளும் வலிமையில் பெரிய வித்தியாசமுண்டு.

மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

ஒரு வகுப்புக்கு வேண்டிய நிலம் 10 சென்ட். ஏழடிக்கு ஏழடி இடைவெளியில் ஏறக்குறைய 90 கன்றுகள் நடலாம். 30 பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று மரம். நன்செய்யில் வாழை நடும் பருவமாகிய மாசி பங்குனியில் தொடங்கினால் மறுவருஷம் தார் வெட்டும் வரை பாடம் நீளும். இவ்வளவு நீண்ட பழக்கத்தில்தான் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவர். இடையில் செண்டிப்பூ, முள்ளங்கி, வெங்காயம் போட்டால் மூன்று நான்கு மாதத்தில் கையில் காசு காணும். பூசணி, வெள்ளரி வகைகளை ஊடுபயிராக இடலாகாது. தேமல் கிருமிக்கு அவை தங்குமிடம். தார் வெட்டியபின் வீணாகும் மட்டையில் நார் எடுக்கலாம். பூக்கட்டத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஸ்ரீரங்கம் பூச்சந்தை அருகிலேயே இருக்கின்றது. வரவு செலவுக் கணக்கைப் பிள்ளைகளே எழுத வேண்டும். வருமானம் அவர்கள் பெயரிலுள்ள சேமிப்பில் சேர வேண்டும். மிராசுதார் வாரம் கேட்பாராகில் கேட்கட்டும். அதையும் கணக்கில் எழுதட்டும். நிலம் ஒரு வருஷத்துக்கு உறுதியாயிருந்தால் போதும்.

கூலியாட்கள் விஷயத்தில் சட்டத்தையும் அறிந்துகொள்ளுதல் நலம். 2017ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10ந் தேதி அமுலுக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, இந்நோயைக் காரணங்காட்டி ஒருவரை வேலையினின்று நீக்கலாகாது. சோதனைச் சீட்டுக் கொண்டுவந்தால்தான் வேலை என்று கேட்கவும் கூடாது. ஒருவருடைய நோய்நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது. இது டீக்கடைப் பேச்சுக்கும் பொருந்தும். வகுப்பில் சேர்க்கும் பிள்ளைகளையும் இன்ன வீட்டில் இன்ன நோய் என்று பார்த்துப் பொறுக்குதல் கூடாது. ஊர்ப் பிள்ளைகள் யாவரும் கலந்து சேர்ந்தால் பாதிக்கப்பட்ட பிள்ளையும் அதில் ஒன்றாய் மறைந்து நிற்கும். நோயாளி வீட்டுப் பிள்ளைகளுக்கென்று தனி வகுப்பு வைப்பது, அப்பிள்ளைகளின் நெற்றியில் எழுதி ஒட்டுவதற்குச் சமானம்.

கிராம நிர்வாக அலுவலரின் பங்கு எல்லாவற்றிலும் பெரிது. குடும்பத் தலைவன் இறந்தபின், விதவையையும் பிள்ளைகளையும் நோயைச் சொல்லியே பயமுறுத்திப் பங்காளிகள் நிலத்தை எடுத்துக்கொள்வது நடவாத காரியமன்று. வாரிசுச் சான்றுக்கு அறிக்கை எழுதும்பொழுது விதவையின் பெயரும், பெண்மக்களின் பெயரும் விடுபடாதிருக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. விடுபட்டால் அதைச் சரிசெய்ய ஆயுள் போதாது. நம் மாகாணத்தில் 1989 முதல் பெண்மக்களுக்குப் பிதிரார்ஜிதத்தில் சம பாத்தியதை உண்டு. இந்துக்களில் மைனரின் நிலத்தைக் கார்டியன் விற்க வேண்டுமானால் கோர்ட்டு அனுமதி அவசியம் என்பது 1956ஆம் வருஷத்துச் சட்டம். அவ்வனுமதியில்லாத விற்பனை பற்றிய செய்தி காதில் விழுந்தால் அலுவலர் மௌனமாயிருக்கலாகாது. மேலே சொன்ன 2017ஆம் வருஷத்துச் சட்டம் இன்னொரு வழியையும் திறந்திருக்கின்றது. இந்நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தில், போதிய விவேகமுள்ள 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை, தன் தம்பி தங்கையரைப் பள்ளியிற் சேர்த்தல், பாங்குக் கணக்கு நடத்தல், சொத்தைப் பராமரித்தல், வைத்தியம் பார்த்தல் ஆகிய காரியங்களுக்குக் கார்டியனாயிருக்கலாம். பதினாறு வயது அக்காள் பட்டா விஷயமாக அலுவலகம் வந்தால், பெரியவர் யாரையாவது அழைத்து வா என்று திருப்பியனுப்புமுன் இதை நினைவிற் கொள்க.

நம் ஜில்லாவில் இதைத் தொடங்குவதற்கு வேண்டியவை அருகிலேயே உள்ளன. பயிர்ப்பாடத்துக்குச் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையமும், நாவலூர் குட்டப்பட்டிலுள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. சோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்ற பெயரால் தனியறை உண்டு. கட்டணமில்லை, பெயர் வெளிவராது, சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் அல்லது கார்டியன் சம்மதம் வேண்டும். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாமலும் போகலாம். ஆதலால் ஆலோசகர் மூன்று மாதங்கழித்து மறுபடி வரச்சொன்னால் போக வேண்டும். மருந்து திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும். நேரில் கேட்கக் கூசுகிறவர்கள் 1097 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம், அதற்கும் செலவில்லை. வளைகுடா செல்ல விரும்புவோர் ஏஜெண்டு அனுப்பும் உடற்பரிசோதனையில் திடீரென்று இதை அறிந்து திகைப்பதைவிட, அதற்குமுன் நம்பிக்கை மையத்தில் நிதானமாகச் சோதித்துக்கொள்ளுதல் மேல்.

நிலம் கொடுக்க முன்வரும் மிராசுதார்கள் மார்கழிக்குள் தங்கள் வட்டாரத்து வேளாண்மை விரிவாக்க மையத்தில் தெரிவித்தால், தை மாதத்தில் மண் எடுத்துச் சோதிக்கவும், மாசியில் குழி வெட்டவும் அவகாசம் இருக்கும். கன்றுகளைத் தெரிந்த தோட்டத்திலிருந்தே வாங்குக. முடியுமாயின் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளாக இருக்கட்டும். முதற் பாடத்துக்கு அவையே வேண்டியிருக்கும்.